வாங்க மறுத்தார்

குற்றாலிங்கம்,

நீ கேட்டது ஒரே ஒரு பக்கம். "எம்மா, புக்கு ரெண்டாவது தடவ அச்சுக்குப் போவுது. பதிப்பகத்துல உன் கைப்பட ஒரு பக்கம் கேக்காங்க, முன்னால போடுததுக்கு. இஷ்டம் இல்லன்னா விட்டுரு" என்று போன மாதம் போனில் சொன்னாய். "பாக்கேன்" என்றேன். "சாப்ட்டியா" என்று கேட்டாய். "சாப்ட்டேன்" என்றேன். அவ்வளவுதான். ஆறு வருடமாக நாம் பேசுவதே இவ்வளவுதான், தீபாவளிக்கு ஒரு தடவை, பொங்கலுக்கு ஒரு தடவை. அன்று பண்டிகை எதுவும் இல்லாமல் நீ கூப்பிட்டதால், பேச்சு முடிந்த பிறகும் கொஞ்ச நேரம் போனைக் கீழே வைக்க மனம் வரவில்லை. அதன்பிறகு அந்த ஒரு பக்கத்தை எழுத ஏழெட்டு முறை உட்கார்ந்தேன். "என் மகன் சிறு வயதிலிருந்தே நன்றாகப் படம் வரைவான்" என்று தொடங்கினால் அடுத்த வரி பொய்யாகிவிடுகிறது. அதனால் பக்கக் கணக்கை விட்டுவிட்டு எழுதுகிறேன். இதை அச்சில் போடுவதும் போடாததும் உன் விருப்பம்.

நான் ஓய்வு பெற்று இரண்டு மாதம் ஆகிறது. உனக்குச் சொல்லவில்லை. நம் வீட்டு முன்னறையில் இருந்த தபால் ஆபீஸை இரண்டு தெரு தள்ளி வேறு வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். போர்டு, மேஜை, தராசு எல்லாம் ஒரே ஆட்டோவில் போய்விட்டன. இத்தனை வருடமும் நான் வேலைக்குப் போனது பின்னறையிலிருந்து முன்னறைக்குத்தான். ஒன்பது மணிக்கு அந்தக் கதவைத் திறந்தால் யாராவது வாசலில் நிற்பார்கள். பணம் போட வருகிறவர்கள், மணியார்டர் வந்ததா என்று கேட்கிறவர்கள், ஒன்றும் இல்லாமல் சும்மா நிழலுக்கு ஒதுங்குகிறவர்கள். இப்போது முன்னறையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி மட்டும் கிடக்கிறது. பக்கத்து வீட்டுப் பெண்கள் தெருவில் போகிற போக்கில் "என்னக்கா, இருக்கியளா" என்று கேட்கிறார்கள். இருக்கிறேன் என்று சொல்வதற்குள் தாண்டிப் போய்விடுகிறார்கள். அருவியில் சாரல் சீசன் தொடங்கிவிட்டது. வேன்கள் நம் தெருவழியாகப் போகின்றன. யாராவது தலையை நீட்டி ஐந்தருவிக்கு எப்படிப் போவது என்று கேட்டால், நான் வழியைச் சொல்லிவிட்டு, இன்று தண்ணீர் எப்படி விழுகிறது, கூட்டம் எவ்வளவு என்று தெரியாத விஷயத்தையும் சேர்த்துச் சொல்கிறேன். பேசுவதற்கு ஆள் கிடைத்தால் போதும் என்று ஆகிவிட்டது.

உன் புத்தகம் போன வருடம் தபாலில் வந்தபோது நான்தான் தபால் பையைப் பிரித்தேன், நான்தான் முத்திரை குத்தினேன். உள்ளே முதல் பக்கத்தில் "அம்மாவுக்கு" என்று மட்டும் எழுதியிருந்தாய். புத்தகத்தை நான்கு தடவை படித்துவிட்டேன். உன்னைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: கதை முழுக்கக் கடிதங்கள்தான். சென்னையில் மொட்டைமாடி அறையில் இருந்துகொண்டு படம் வரைந்து பிழைக்கப் பார்க்கிற ஒரு பையன், தென்காசிப் பக்கத்துக் கிராமத்தில் போஸ்ட் மாஸ்டராக இருக்கிற அம்மாவுக்கு எழுதுகிறான். அம்மா பதில் எழுதுகிறாள். அவன் எழுதுகிறான், ஓவியக் கண்காட்சியில் ஒருவர் தன் படத்துக்கு முன்னால் இருபது நிமிடம் கண்ணை மூடிக்கொண்டு நின்றார், கலையை ரசிக்கத் தெரிந்த மனிதர் என்று நினைத்துப் பக்கத்தில் போனேன், மேலே ஏசி இருந்தது என்று. அம்மா பதில் எழுதுகிறாள்: "ஏசிக்காக நின்றாலும் அவர் நின்றது உன் படத்துக்கு முன்னால்தானே. அடுத்த தடவை எல்லாப் படத்தையும் ஏசிக்குக் கீழேயே மாட்டு." இதைப் படித்துவிட்டு நானே தனியாகச் சிரித்தேன். தபால்காரர் சுடலைமுத்து உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

அந்தப் பையனின் கடிதங்கள் எனக்கு முன்பே தெரியும். நீ எனக்கு அனுப்பியவை, என் கையால் பிரித்துப் படித்தவை. அம்மாவின் கடிதங்களைத்தான் உன் புத்தகத்தில் முதன்முதலாகப் படித்தேன். நான் உனக்கு ஒரு கடிதம்கூட எழுதவில்லை, ஐயா. அந்த அம்மா எழுதியதெல்லாம் நீ எழுதியது. நம் இரண்டு பேரையும் சுடலைமுத்துவையும் தவிர இது யாருக்கும் தெரியாது; படிக்கிறவர்கள் எல்லாம் அவற்றை நிஜமாகவே நான் எழுதியதாக நினைக்கிறார்கள்.

நான் ஏன் எழுதவில்லை என்பதை முதலிலிருந்து சொல்ல வேண்டும். போலீஸ் ஏட்டாக இருந்த உன் அப்பா, சீசன் பந்தோபஸ்துக்கு அருவிக்கரையில் நின்றிருந்தவர், கூட்டத்தை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தபோதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அவ்வளவுதான். ஏட்டையா போய்விட்டார் என்று வந்து சொன்னவர்களின் சட்டையெல்லாம் சாரலில் நனைந்திருந்தது மட்டும் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. அதற்குப் பிறகு, உனக்குக் கருணை அடிப்படையில் ஒரு வேலை வாங்க நான் பதினான்கு மாதம் ஆபீஸ் ஆபீஸாக அலைந்தேன். ஒவ்வொரு படியிலும் அவருடைய இறப்புச் சான்றிதழை நீட்ட வேண்டும். நகல் எடுத்து எடுத்து அந்தக் காகிதத்தின் மடிப்பு கிழிந்து, பின்னால் டேப் ஒட்டி வைத்திருந்தேன். ஆர்டர் வந்தது. நீ வேலையில் சேர்ந்தாய். பதினோராம் நாள் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு, பையோடு வாசலில் வந்து நின்றாய்.

"எம்மா, அங்கன இருந்தா நான் செத்துருவேன்" என்றாய்.

"உங்கப்பா செத்துதாம்லே இந்த வேல வந்துது" என்றேன் நான்.

பையைக் கீழே வைக்காமல் அப்படியே நின்றாய். நான் இன்னும் நாலு வார்த்தை சொன்னேன், அவையெல்லாம் மறந்துவிட்டன. இந்த ஒன்று மறக்கவில்லை. உன் புத்தகத்தில் அதைத் தேடினேன். கதையில் அந்த அப்பா உயிரோடு இருந்து ஓய்வு பெற்று, தோட்டத்தில் வெண்டைக்காய் போடுகிறார். வேலையை விட்டது வெறும் வேடிக்கையாக வருகிறது, மேலதிகாரியின் மூக்கை ஃபைலில் வரைந்து மாட்டிக்கொண்டதாக. அந்த வாக்கியத்தை நீ எங்கும் வைக்கவில்லை. அதை எங்கே கொண்டுபோய் ஒளித்து வைத்தாய் என்று தெரியவில்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன், கேட்டுக்கொள். கோபத்தில் மிகச் சரியான வார்த்தை ஒன்று வாய்க்கு வரும். அது சரியாக இருப்பதாலேயே அதை வெளியே விட்டுவிடாதே. நான் சொன்னது உண்மைதான். அதனால்தான் அதைத் திரும்ப எடுக்க முடியவில்லை.

நீ சென்னைக்குப் போனாய். நான் உன் போனை எடுக்கவில்லை. அதற்கு நீ ஒரு வழி கண்டுபிடித்தாய். கடிதம் போட்டால் அது என் கைக்கு வந்துதானே ஆக வேண்டும், என் கையால்தானே பை பிரிக்கப்படும். முதல் இன்லேண்ட் லெட்டரில் "எம்மா, இதை நீ படிக்காவிட்டாலும் முத்திரையாவது குத்து" என்று எழுதியிருந்தாய். எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு வந்ததற்காக இன்னும் கோபம் வந்தது. மாதம் ஒன்று, சில மாதம் இரண்டு என்று வந்துகொண்டே இருந்தன. ஒவ்வொன்றையும் படித்தேன். சமையலறையில் நின்றுகொண்டு படித்தேன், உட்கார்ந்து படித்தால் உனக்கு விட்டுக்கொடுத்த மாதிரி ஆகிவிடும் என்று. பதில் மட்டும் எழுதவில்லை. இந்தப் பிள்ளை கஷ்டப்பட்டுத் தானாகத் திரும்பி வரட்டும், அதுவரை பேசக்கூடாது என்று நினைத்தேன். உன் கடிதங்களில் கஷ்டம் தெரியாமல் வேடிக்கையே தெரிந்ததும் எனக்கு வசதியாகப் போயிற்று.

அந்த வேடிக்கை உனக்கு எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். கல்யாணமான புதிதில் உன் அப்பாவோடு ஒரு சண்டை. ஒன்பது நாள் நான் அவரிடம் பேசவில்லை. பத்தாம் நாள் பையைப் பிரித்தால் என் பெயருக்கு ஒரு போஸ்ட் கார்டு. தென்காசியில் டியூட்டிக்குப் போன இடத்தில் எழுதிப் பெட்டியில் போட்டிருக்கிறார். அனுப்புநர், பெறுநர், பொருள் எல்லாம் போட்டு ஒரு புகார் மனு. பொருள்: வீட்டில் பேச்சுக் காணாமல் போனது குறித்து. கடைசியாகப் பார்த்த இடம்: அடுப்படி. கண்டுபிடித்துத் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன் என்று எழுதி, கீழே ஏட்டு என்று பதவியோடு கையெழுத்து. அன்று சாயங்காலம் அவர் வந்து செருப்பைக் கழற்றும்போதே நான் பேசிவிட்டேன். அவர் கேட்டால் நான் இறங்கி வந்துவிடுவேன். நீயும் அதே மாதிரிதான் கேட்டாய், ஒன்றரை வருடம் கேட்டாய். உன்னிடம் மட்டும் எனக்கு ஏன் அது முடியவில்லை என்று யோசித்துப் பார்த்துவிட்டேன். அவர் போன பிறகு எனக்கு மீதி இருந்தது நீ ஒருவன்தான். நீயும் என் சொல் கேட்கவில்லை என்றால் நான் யார் என்று ஒரு பயம். அதைப் பயம் என்று அப்போது தெரியவில்லை. கோபம் என்றே நினைத்தேன்.

பிறகு உன்னிடமிருந்து ஒரு போஸ்ட் கார்டு வந்தது. அதில் என்னை எட்டுக் கை அம்மனாக வரைந்திருந்தாய். ஒரு கையில் முத்திரை, ஒரு கையில் பசைப் புட்டி, ஒரு கையில் தராசு, ஒரு கையில் டீ கிளாஸ், காலடியில் சிங்கத்துக்குப் பதிலாகச் சுடலைமுத்துவின் சைக்கிள். அன்று எனக்குக் காய்ச்சல், ஆபீஸைச் சுடலைமுத்துதான் பார்த்துக்கொண்டார். போஸ்ட் கார்டு திறந்து கிடக்கிறதுதானே, பணம் எடுக்க வந்தவர்கள் எல்லாரும் பார்த்துவிட்டார்கள். மறுநாள் நான் போய் உட்கார்ந்தால் ஒருத்தி கன்னத்தில் போட்டுக்கொள்கிறாள். "அம்மா தாயே, என் ஆர்டி புக்க முடிச்சுக் குடு" என்கிறாள். ஊரே சிரித்தது. அவர்கள் கெட்ட எண்ணத்தில் சிரிக்கவில்லை. ஆனால் தாலி இறங்கின நாளிலிருந்து என் முகத்தைப் பார்த்தாலே குரலைத் தாழ்த்திக்கொண்டவர்கள் அன்றைக்குச் சத்தமாகச் சிரித்தார்கள். எனக்கு அது தாங்கவில்லை. இப்போது யோசித்தால், அன்று ஒரு நாள்தான் அவர்கள் என்னோடு பழையபடி இருந்தார்கள்.

அடுத்த மாதம் உன்னிடமிருந்து ஒரு ரிஜிஸ்டர் தபால் வந்தது. பழுப்புக் கவர், தடிமனாக இருந்தது. கையெழுத்துப் போட்டு வாங்க வேண்டும். சுடலைமுத்து அதை என் மேஜையில் வைத்தார்.

"வேண்டாம். திருப்பி அனுப்பிருங்க" என்றேன்.

"எக்கா, பிள்ள கையெழுத்து. கவரு தடியா இருக்கு. வாங்கிப் போடுங்க, படிக்காட்டாலும் போவுது."

"வாங்க விருப்பம் இல்லன்னா என்ன எழுதணுமோ அத எழுதுங்க."

"நான் எழுத மாட்டேன்க்கா. என் கை வராது."

நானே எழுதினேன். சிவப்பு மையில், "வாங்க மறுத்தார்" என்று எழுதி, தேதி போட்டு, கீழே என் சுருக்கக் கையெழுத்தும் போட்டேன். மறுத்தவளும் நான்தான், யாரோ ஒருத்தி மறுத்த மாதிரி "மறுத்தார்" என்று மரியாதையாக எழுதியவளும் நான்தான். கவர் அன்று மதியப் பையில் போய்விட்டது.

மூன்றாம் நாள் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. பஸ் ஏறித் தென்காசிக்குப் போனேன். இது உனக்குத் தெரியாது. பெரிய தபால் ஆபீஸ் படி வரைக்கும் போனேன். உள்ளே போய் என்ன கேட்பது? நான் மறுத்த தபாலை நானே திருப்பிக் கேட்க வேண்டும். அதுவும் எந்த ரயிலில் போய்க்கொண்டிருக்கிறதோ. படியில் நின்றுவிட்டுத் திரும்பி வந்தேன். எப்படியும் நீ அடுத்த கடிதம் போடுவாய், அதற்கு நிச்சயம் பதில் எழுதிவிட வேண்டும் என்று பஸ்ஸில் முடிவு செய்தேன். தினமும் பையைப் பிரிக்கும்போது முதலில் உன் கையெழுத்தைத்தான் தேடினேன். அடுத்த கடிதத்தை நான் எழுதியிருக்கலாம் என்பது ஏனோ என் புத்திக்கு எட்டவே இல்லை. நீ பிறகு எழுதவே இல்லை. தீபாவளிக்குப் போன் செய்தாய், எடுத்தேன், "சாப்ட்டியா" என்பதோடு பேச்சு முடிந்தது.

அந்தக் கவரில் என்ன இருந்தது என்பது ஐந்து வருடம் கழித்து உன் புத்தகத்தில்தான் தெரிந்தது. "சாதாத் தபால் என்றால் நீ பார்த்தாயா என்று எனக்குத் தெரியாது, அதனால் ரிஜிஸ்டரில் அனுப்புகிறேன்" என்று அது தொடங்குகிறது. படித்த உடனே இது அதுதான் என்று தெரிந்துவிட்டது. உனக்கு மஞ்சள் காமாலை. எழுந்திருக்க முடியவில்லை. கண்ணாடியில் பார்த்து உன் கண்ணையே வரையத் தொடங்கினாய், பாதியில் மஞ்சள் சாயம் தீர்ந்துவிட்டது. "உடம்பு பூராவும் மஞ்சளை வைத்துக்கொண்டு, வரைய மஞ்சள் இல்லாமல் படுத்திருக்கும் ஒரே ஓவியன் நான்தான்" என்று எழுதியிருக்கிறாய். கீழாநெல்லி எப்படி இருக்கும், ஒரு படம் போட்டு அனுப்பு என்று கேட்டிருக்கிறாய். கதையில் வரும் அம்மா படம் போட்டு அனுப்புகிறாள். அது முருங்கை மரம் மாதிரி இருக்கிறது. "காய் இலைக்கு அடியில் இருக்கும், மேலே இருந்தால் அது வேறு, தின்று தொலைக்காதே" என்று திட்டுகிறாள். எண்ணெய் தொடாதே, மோர் குடி, இளநீர் குடி என்று ஒரு பக்கம் எழுதிவிட்டு, கடைசியில், "இதெல்லாம் எழுதி நீ படித்துச் செய்யப் போவதில்லை. நான் கிளம்பிவிட்டேன்" என்கிறாள். மோர்ப் பானையோடு ரயிலில் வந்து, பாதி மோரைப் பக்கத்து சீட்டுக்காரர் மேல் கொட்டி, மாடி ஏறி உன் கதவைத் தட்டுகிறாள். எல்லாரும் அந்த இடத்தில்தான் விழுந்து விழுந்து சிரிக்கிறார்களாம். நான்கு தடவை படித்தும் எனக்கு அங்கே சிரிப்பு வரவில்லை.

இந்த சாரல் சீசனில் தென்காசியில் உன் புத்தகத்துக்கு ஒரு வாசகர் கூட்டம் போட்டார்கள். நீ வர முடியாது என்றதும் என்னைக் கூப்பிட்டார்கள். சுடலைமுத்துதான் துணைக்கு வந்தார். முப்பது, நாற்பது பேர் இருக்கும். எல்லாரும் என்னையே பார்த்தார்கள். "அண்ணாச்சி எழுதினத விட அம்மா எழுதின பதிலுதான் டாப்பு" என்று ஒருவர் பேசினார். எல்லாரும் கை தட்டினார்கள். நான் எழுந்து கும்பிட்டேன். இல்லை என்று சொல்லவில்லை. பிறகு அந்தக் காமாலைக் கடிதத்துக்கு அம்மா எழுதும் பதிலை என் வாயால் வாசிக்கச் சொன்னார்கள். வாசித்தேன். நன்றாகத்தான் வாசித்தேன், சிரித்தார்கள். "நான் கிளம்பிவிட்டேன்" என்ற வரி வந்தது. எழுத்து நன்றாகத்தான் தெரிந்தது. கண்ணாடி சரியில்லை என்று சொல்லி உட்கார்ந்துவிட்டேன்.

கூட்டம் முடிந்ததும் கடையத்திலிருந்து வந்த ஒரு பெண், நர்ஸ் வேலை பார்க்கிறவளாம், என் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஆச்சி, நான் இஷ்டப்பட்டுக் கட்டிக்கிட்டேன்னு எங்கம்ம நாலு வருஷமா பேச மாட்டுக்கா. உங்கள மாதிரி ஒரு லெட்டரு போட்டான்னா போதும், நான் ஓடிப் போயிருவேன்" என்றாள். அவள் கண்ணைப் பார்த்துக்கொண்டு என்னால் சும்மா நிற்க முடியவில்லை.

"நான் போடலட்டி" என்றேன். "ஒண்ணு கூடப் போடல. இது பூரா என் மவன் எழுதுனது. அந்தக் கவர நான் வாங்கவே இல்ல, திருப்பி அனுப்பிட்டேன்."

அவள் என் கையை விட்டுவிடுவாள் என்று நினைத்தேன். விடவில்லை. "அப்பம் அந்தக் காமாலைல அவர யாரு பாத்துக்கிட்டா?" என்று கேட்டாள்.

எனக்குத் தெரியவில்லை. நான்கு தடவை படித்திருக்கிறேன், என் தப்பை நினைத்து அழுதிருக்கிறேன், இந்தக் கேள்வி எனக்குத் தோன்றவே இல்லை. கதையில் அம்மா வந்துவிட்டாள். நிஜத்தில் அந்த அறைக்கு யார் வந்தார்கள்? வந்தார்களா?

திரும்பி வரும்போது பஸ்ஸில் சுடலைமுத்து வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். இலத்தூர் தாண்டினதும், "எக்கா, அன்னைக்கு அந்தக் கவர நான் பைக்குள்ள போடாம வச்சிருந்திருக்கலாம். ரெண்டு நாளு கழிச்சு நீங்களே கேட்டிருப்பிய. வேல போயிருமோன்னு பயந்துட்டேன்" என்றார். ஆறு வருடமாக அந்த மனிதரும் இதைச் சுமந்துகொண்டு தினமும் என் வாசலில் வந்து நின்றிருக்கிறார். "நீங்க சரியாத்தான் செஞ்சிய" என்றேன். "சரியாச் செஞ்சிருக்கக் கூடாது" என்றார்.

குற்றாலிங்கம், உன் புத்தகத்தில் இருக்கும் அம்மாவை மாற்றிவிடாதே. அவள் நல்லவள். எனக்கு அவளைப் பிடித்திருக்கிறது. உனக்கு இப்படி ஒருத்தி தேவைப்பட்டாள், நீயே உண்டாக்கிக்கொண்டாய். அவள் பெயரில் கிடைத்த கைதட்டலை நான் வாங்கிக்கொண்டதுதான் தப்பு. என்னை மன்னித்துவிடு என்று எழுதினால் உடனே நீ ஒரு வேடிக்கை சொல்லி அதை முடித்துவிடுவாய். அதனால் அதை இங்கே கேட்கவில்லை.

வருகிற வெள்ளிக்கிழமை செங்கோட்டை ரயிலில் கிளம்புகிறேன். டிக்கெட் எடுத்தாயிற்று. சனிக்கிழமை காலையில் தாம்பரத்தில் இறங்குவேன். நீ ஸ்டேஷனுக்கு வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி, விலாசம் எனக்கு மனப்பாடம். நின்று நின்று மாடி ஏறிவிடுவேன். எனக்கு ஊரைச் சுற்றிக்காட்ட வேண்டாம், படங்களைக்கூட மறுநாள் பார்த்துக்கொள்ளலாம். என்னை உட்கார வைத்து, காய்ச்சல் தொடங்கிய முதல் நாளிலிருந்து சொல். யார் டாக்டரிடம் கூட்டிப் போனார்கள், யார் கஞ்சி வைத்தார்கள், நடு ராத்திரியில் தாகம் எடுத்தபோது தண்ணீர் எடுத்துக் கொடுத்தது யார். அந்த ஆள் இன்னும் அங்கேதான் இருந்தால் எனக்குக் காட்டு. ஒருவரும் இல்லை என்றால் அதையும் சொல். சிரிப்பு வருகிற மாதிரி சொல்லாதே, ஐயா. நடந்தது நடந்த மாதிரியே சொல்.

அம்மா